பனிமலையைக் கடந்து காஞ்சிக்கு வந்தவர்

காஞ்சிபுரம் கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர் உயரம்கூட இல்லாத ஊர். சித்திரை வெயிலில் பெரிய காஞ்சிபுரத்து ராஜ வீதிகளில் வெறுங்காலோடு நடக்க முடியாது. ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்கு முன், கி.பி. 640 வாக்கில், இந்த ஊருக்கு ஒரு சீனத் துறவி வந்தார். பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் எல்லோரும் படித்த யுவான் சுவாங்தான் அவர். காஞ்சியைப் பற்றி அவர் எழுதிய குறிப்புகள் பலருக்குத் தெரியும். ஆனால் இங்கே வருவதற்கு முன் அவர் உயிரைப் பணயம் வைத்துக் கடந்த பனிமலையைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை.

தியான் ஷான் மலைத்தொடர்

அந்த மலையின் பெயர் தியான் ஷான். சீன மொழியில் 'வான மலை' என்று பொருள். சீனாவின் சிஞ்சியாங் பகுதி, கிர்கிஸ்தான், கசகஸ்தான் ஆகியவற்றின் ஊடாகச் சுமார் 2500 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரந்து கிடக்கிறது. இதன் மிக உயர்ந்த சிகரம் 7439 மீட்டர். வட துருவத்திலிருந்து வெகுதூரம் தள்ளி இருந்தாலும், இதன் உச்சிப் பகுதிகளில் துருவக் குளிர்தான். மண்ணே ஆண்டு முழுவதும் உறைந்து கிடக்கும் இடங்கள் உண்டு. பனிச்சிறுத்தையும் காட்டு ஆடுகளும் அங்கே வாழ்கின்றன. கோடையில் மட்டும் மேய்ப்பர்கள் ஆடு, குதிரைகளோடு மேலே ஏறி, கம்பளிக் கூடாரம் அடித்துத் தங்குவார்கள். குளிர் வந்ததும் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுவார்கள்.

ஏழு நாள் பயணம்

கி.பி. 629-ல் (சிலர் கணக்குப்படி 627-ல்) சீனாவிலிருந்து புறப்பட்ட யுவான் சுவாங்குக்கு, வழியில் காவோசாங் நாட்டு அரசர் பெரிய உதவி செய்தார். முகமூடி, கையுறை, காலணிகள், 30 குதிரைகள், 25 ஆட்கள் எல்லாம் கொடுத்து அனுப்பினார். அப்படியும் குச்சா என்ற ஊரில் 60 நாட்களுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. காரணம், மலைப்பாதை பனியால் மூடிக் கிடந்தது.

அவர் மலையைக் கடந்த இடம் 4284 மீட்டர் உயரமுள்ள பேடெல் கணவாய் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. முசார்ட் கணவாய் என்று சொல்பவர்களும் உண்டு. உலகம் தோன்றிய நாளிலிருந்து சேர்ந்த பனி அங்கே கட்டியாகி, கோடையிலும் கரையாமல் கிடக்கிறது என்பது அவருடைய வரலாற்றில் வரும் வருணனை. சமைக்கவும் படுக்கவும் காய்ந்த இடமே இல்லை. பாத்திரத்தைத் தொங்கவிட்டுச் சமைத்து, பனிக்கட்டி மேலேயே பாய் விரித்துப் படுத்தார்கள். அந்த மலையில் சத்தம் போடக் கூடாது என்பது அங்கே வழக்கம் என்றும் அவர் எழுதுகிறார். மீறினால் பயங்கரக் காற்று எழுந்து மணலும் கல்லும் விழுமாம். பனிச்சரிவைப் பற்றிய மலைவாசிகளின் அனுபவ அறிவு இதில் இருந்திருக்கலாம்.

ஏழு நாள் கழித்து மலையை விட்டு வெளியே வந்தபோது, கூட வந்தவர்களில் பத்துக்கு மூன்று நான்கு பேர் பசியாலும் குளிராலும் இறந்துபோயிருந்தார்கள். மாடுகளும் குதிரைகளும் அதைவிட அதிகம்!

உருகிவிடுவீர் என்ற ககான்

மலைக்கு அப்பால் அவர் கண்ட இசிக்குல் ஏரி, அவ்வளவு குளிரிலும் உறைவதில்லை. அதையும் தாண்டி, மேற்குத் துருக்கியரின் அரசரான ககானைச் சந்தித்தார். ககான் சொன்ன புத்திமதி வேடிக்கையானது. இந்தியா மிகவும் வெப்பமான நாடு, உங்களைப் பார்த்தால் அங்கே போனதும் உருகிவிடுவீர்கள் போலிருக்கிறது, போக வேண்டாம் என்றாராம். பனியில் பாதி உயிர் போய் வந்தவருக்கு வெயிலைக் காட்டிப் பயமுறுத்தியிருக்கிறார்!

துறவி உருகவில்லை. நாளந்தாவில் சீலபத்திரரிடம் படித்தார். சீலபத்திரரின் குரு தர்மபாலர் பிறந்த ஊர் காஞ்சிபுரம். ஆக, யுவான் சுவாங் வந்து சேர்ந்தது தன் குருவின் குரு பிறந்த மண்ணுக்கு.

காஞ்சியில் கண்டவை

அப்போது பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் காலம். மண் வளமானது, வெயில் கடுமையானது, மக்கள் துணிவும் கல்வியில் நாட்டமும் உள்ளவர்கள் என்று யுவான் சுவாங் குறித்தார். நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்கள், சுமார் 10,000 துறவிகள், 80 தேவர் கோயில்கள், ஏராளமான சமணர்கள் இருந்தார்கள் என்கிறார். நகருக்குத் தெற்கே அசோகர் கட்டியதாகச் சொல்லப்பட்ட 100 அடி உயரத் தூபி ஒன்றும் இருந்தது.

இங்கிருந்து கப்பலில் மூன்று நாளில் இலங்கை போய்விடலாம் என்பது அவர் திட்டம். ஆனால் இலங்கையிலிருந்து 300 துறவிகள் காஞ்சிக்கு வந்து சேர்ந்தார்கள். அரசர் இறந்துவிட்டார், நாட்டில் பஞ்சமும் கலகமும் என்றார்கள். பனிமலை தடுக்க முடியாத பயணத்தை அந்தச் செய்தி தடுத்தது. காஞ்சியிலிருந்தே அவர் வடக்கே திரும்பினார். 645-ல் 657 நூல்களோடு சீனா போய்ச் சேர்ந்தார்.

எது நிலைத்தது?

அவர் கண்ட மடங்களும் தூபியும் இன்று காஞ்சியில் இல்லை. 1915-ல் து. அ. கோபிநாத ராவ் இங்கே புத்தர் சிலைகளைக் கண்டு எழுதினார். காமாட்சியம்மன் கோயிலில் இருந்த நின்ற நிலைப் புத்தர் இப்போது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார்.

கோடையிலும் கரையாது என்று சொல்லப்பட்ட அந்தப் பனியும் குறைந்து வருகிறது. 1961-க்கும் 2012-க்கும் இடையில் தியான் ஷான் பனியாறுகள் தம் நிறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்துவிட்டதாக 2015-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. மத்திய ஆசியாவின் நரின், தாரிம் முதலிய ஆறுகளுக்கு அந்தப் பனிதான் கோடைக்காலத் தண்ணீர். அதை நம்பி இருப்பவர்கள் ஏராளம்.

ஆக, மலையும் மாறுகிறது, நகரமும் மாறிவிட்டது. இரண்டும் அன்று எப்படி இருந்தன என்று நமக்குச் சொல்ல, அந்த ஏழு நாட்களில் சாகாமல் தப்பி வந்த ஒருவரின் குறிப்புகள் இருக்கின்றன.