எமனின் ஏடும் சித்துப்பாத்தி மயானமும்

அரியாலையில் நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது எமனைக் கண்டது நாடக மேடையில்தான். கோயில் திருவிழாக்களில் சத்தியவான் சாவித்திரி விடிய விடிய நடக்கும். பாசக்கயிற்றோடு எமன் வந்ததும் அம்மம்மாவின் மடிக்குள் முகத்தைப் புதைப்பேன். “பயப்பிடாத, அவர் தருமராசா. கணக்குப் பார்க்காமல் ஒருத்தரையும் கொண்டு போகமாட்டார்” என்பார் அம்மம்மா.

அந்தப் பேச்சுக்குப் பின்னால் நீண்ட மரபு உண்டு. தமிழில் எமனுக்குப் பல பெயர்கள்: கூற்றுவன், காலன், நமன், மறலி. உயிரையும் உடலையும் கூறுபடுத்துபவன் என்பதால் கூற்றுவன். காலத்தை அளப்பவன் என்பதால் காலன். அவனுடைய திசை தெற்கு. முன்னோரைத் தென்புலத்தார் என்று வள்ளுவர் சொல்வதும் இதனால்தான். வேதத்தில் அவன் சூரியனின் மகன். முதன்முதலில் இறந்து, பின்னால் வருவோருக்கு வழி கண்டவன். திருக்கடையூர்ப் புராணத்தில் மார்க்கண்டேயருக்காகச் சிவன் அவனை உதைத்து வீழ்த்துகிறார். ஆனால் இறப்பு நின்றுபோனதால் பூமி பாரம் தாங்காமல் வருந்த, சிவனே அவனை மீண்டும் எழுப்புகிறார்.

கிரேக்கர்களின் பாதாள உலகை ஆண்டவன் ஹேடிஸ். சியூஸ், பொசைடன், ஹேடிஸ் என்ற மூன்று சகோதரர்களும் திருவுளச்சீட்டுப் போட்டு உலகைப் பங்கிட்டபோது அவனுக்குக் கிடைத்தது இறந்தவர்களின் நாடு. தீர்ப்புச் சொல்வதற்கு அங்கே மைனோஸ் முதலான வேறு நீதிபதிகள் இருந்தார்கள். எங்கள் எமன் அரசனும் நீதிபதியுமாக இருக்கிறான். அவனுடைய கணக்கர் சித்திரகுப்தர். சித்திரா பௌர்ணமியன்று எங்கள் கோயில்களில் சித்திரபுத்திரனார் கதை படித்து, சித்திரைக் கஞ்சி காய்ச்சி ஊற்றுவதும் அந்தக் கணக்கரை நினைத்துத்தான். தாயை இழந்தவர்கள் அன்று விரதம் இருப்பார்கள். தந்தையை இழந்தவர்களுக்கு ஆடி அமாவாசை.

கிரேக்கர்களிடம் இன்னொரு நம்பிக்கையும் இருந்தது. முறைப்படி அடக்கம் செய்யப்படாதவர் பாதாள ஆற்றைக் கடக்க முடியாது, கரையிலேயே அலைவார். ஹோமரின் இலியட்டில், போரில் மாண்ட பத்ரோக்ளஸ் நண்பனின் கனவில் வந்து கேட்பது தன்னை விரைவாக அடக்கம் செய்யும்படிதான்.

இதை வாசித்தபோது எனக்கு எங்கள் ஊர் மயானம் நினைவுக்கு வந்தது.

2025 பெப்ரவரியில் அரியாலை சித்துப்பாத்தி இந்து மயானத்தில் தகனமேடை கட்டுவதற்காக நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்ற உத்தரவின்படி மே மாதம் அகழ்வு தொடங்கியது. செப்டெம்பருக்குள் 240 என்புத்தொகுதிகள் அடையாளம் காணப்பட்டன. சிறுவர்களின் எலும்புகளும் அவற்றில் இருந்தன. நீல நிறப் பாடசாலைப் பை ஒன்றும், விளையாட்டுப் பொம்மையும் மண்ணிலிருந்து வந்தன. ஓகஸ்ட் 5ஆம் திகதி, எடுக்கப்பட்ட உடைகளும் பொருட்களும் உறவினர்கள் அடையாளம் காண்பதற்காகக் காட்சிக்கு வைக்கப்பட்டன.

செம்மணி என்ற பெயர் அதற்கு முன்பே எங்களுக்குத் தெரியும். கிருஷாந்தி குமாரசுவாமி கொலை வழக்கில் மரணதண்டனை விதிக்கப்பட்ட சோமரத்ன ராஜபக்ச, 1998இல் நீதிமன்றத்தில் நூற்றுக்கணக்கானோர் செம்மணியில் புதைக்கப்பட்டதாகச் சொன்னார். 1999 அகழ்வில் எடுக்கப்பட்டவை 15 எலும்புக்கூடுகள் மட்டும்.

மயானம் என்றால் எங்களுக்கு ஒழுங்குள்ள இடம். வீட்டில் சுண்ணம் இடித்து, பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்து, வாய்க்கரிசி போட்டு அனுப்புகிறோம். பிறகு எட்டுச்செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி, ஆண்டுதோறும் திவசம். இவை எல்லாவற்றுக்கும் இரண்டு விவரங்கள் தேவை: இறந்தவரின் பெயர், இறந்த திதி.

எனக்குத் தெரிந்த தாய் ஒருவரின் மகன் 1996இல் வீட்டிலிருந்து கொண்டு செல்லப்பட்டவர். திதி தெரியாதவர்களுக்கு அமாவாசையில் செய்யலாம் என்று ஐயர் சொல்லிப் பார்த்தார். அவர் சம்மதிக்கவில்லை. “நான் எள்ளும் தண்ணியும் விட்டால், என்ர பிள்ளையை நானே எமனிட்டக் குடுத்த மாதிரி” என்றார். இன்றுவரை அந்த வீட்டில் திவசமும் இல்லை. அவர் மகனின் படத்துக்கு மாலையும் போடவில்லை.

சித்துப்பாத்தியில் கிடைத்தவர்கள் யார், எப்போது, எப்படி இறந்தார்கள் என்பது விசாரணையில் இருக்கிறது. அதற்கு மரபணுப் பரிசோதனை வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டோரின் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே அது நடக்க வேண்டும். பலர் பதிலில்லாமலே கண்ணை மூடிவிட்டார்கள்.

சித்திரகுப்தரின் ஏட்டில் ஒரு பெயரும் விடுபடாது என்று அம்மம்மா நம்பினார். அந்த ஏட்டை எங்களால் பார்க்க முடியாது. அந்தத் தாய்க்குத் தேவையானது நீதிமன்றத்தின் ஏட்டில் ஒரு பெயர், ஒரு திகதி. அது வந்தால்தான் கீரிமலைக்குப் போவதா, இன்னும் காத்திருப்பதா என்று அவர் முடிவெடுக்கலாம்.