அதிமதுர முத்திரை

பிரித்தானியப் பாராளுமன்றத் தேர்தல்களில் 1872 வரை வாக்களித்தல் ஊரறிந்த காரியமாகவே இருந்தது. வாக்காளன் எல்லோர் முன்னிலையிலும் தன் தெரிவை உரத்துச் சொல்லுவான். எழுத்தன் அதனைப் பதிவேட்டிற் குறிப்பான். நிலப்பிரபுவின் காரியத்தர் கேட்டு நிற்பார். மாறிச் சொன்ன குடியானவனுக்குக் குத்தகை போம். கடைக்காரனுக்கு வாடிக்கை போம். இரகசிய வாக்கினை 1838ஆம் ஆண்டின் மக்கள் சாசனம் கோரிற்று. அவ்வியக்கத் தொழிலாளர் பலர் சிறைப்பட்டனர்.

சட்டம் வர முப்பத்து நான்கு ஆண்டுகள் சென்றன. 1872 ஆகஸ்ட் 15இல், யோர்க்‌ஷயரின் பொன்ரிபிராக்ற் நகர இடைத்தேர்தலில், வாக்குச் சீட்டுகள் முதன்முதலாக மரப்பெட்டியுள் வீழ்ந்தன. அப்பெட்டியின் அரக்கிற் பதிந்தது அரச முத்திரையன்று. கோட்டையும் ஆந்தையும் பொறித்த, அவ்வூர் அதிமதுர இனிப்புத் தொழிற்சாலையின் அச்சு! ஆயினும், நாட்டுப்புற விவசாயக் கூலிகளுட் பெரும்பாலோர் 1884 வரையும் பெண்கள் 1918 வரையும் பாராளுமன்றத் தேர்தலில் அத்தகைய பெட்டியை அணுகவும் உரிமையற்றிருந்தனர்.