முத்துப்பாரின் காவல்

தாராவியில் வாழும் நம்முள் நெல்லைச் சீமையினர் பலர். மன்னார்க் கடலின் முத்துப்பார்கள் நமக்கு அயலானவை அல்ல. சிப்பி முதிர ஆண்டுகள் சில செல்லும். இடையில் வாரிவிட்டால் பாரே பாழாம். ஆதலின் இலங்கையை ஆண்ட ஆங்கிலேயர் 1811-இல் சட்டமொன்று இயற்றினர். பாரருகே வட்டமிடும் தோணியையும் பறிமுதல் செய்யலாம் என்றது அது. சிப்பி எடுத்ததாக மெய்ப்பிக்கவும் வேண்டுவதில்லை! இக்கரையிலும் அவ்வாறே. பாக்கு விரிகுடாவில் குத்தகைக்கு விடப்பட்ட சங்குப்படுகையில் பிறர் சங்கெடுத்தல் திருட்டே எனச் சென்னை உயர்நீதிமன்றம் கூறிய தீர்ப்பு 1904-ஆம் ஆண்டுத் தொகுதியில் உள்ளது. பார்களின் இருப்பிடத்தைத் தலைமுறைகளாக அறிந்தவர் பரதவர். இலங்கை அரசின் குளிப்பிலோ, குளித்தவர்க்குக் கிடைத்தது மூன்றில் ஒரு பங்கே. காலமல்லாக் காலத்தில் அங்கே சென்றால் அவர்தம் தோணியே ஐயத்திற்குரியதாயிற்று. தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றது.