கணக்கில் வராத வண்டிக்காரர்: காம்யுவின் ‘நீதிமான்கள்’ நாடகத்தில் கொலையும் எல்லையும்

1905 பிப்ரவரி 15 இரவு மாஸ்கோவில் கோமகன் செர்கெயின் வண்டியை நோக்கி ஓடிய இவான் கலியாயெவ், கையிலிருந்த குண்டை வீசவில்லை. வண்டிக்குள் கோமகனின் மனைவியும் தம்பி பிள்ளைகள் இருவரும் இருந்தார்கள். இரண்டு நாள் கழித்து, மனைவியும் பிள்ளைகளும் இல்லாமல் கோமகன் கிரெம்ளினில் வந்தபோது வீசினார். கோமகன் அங்கேயே மாண்டார். சோசலிஸ்ட் புரட்சிக் கட்சியின் போர்ப் பிரிவைச் சேர்ந்த சாவின்கோவ் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்த இந்த நிகழ்ச்சியிலிருந்துதான் ஆல்பெர் காம்யு ‘நீதிமான்கள்’ நாடகத்தைப் படைத்தார். 1949 டிசம்பரில் பாரிஸின் எபெர்தோ அரங்கில் அது முதன்முதலாக மேடையேறியது.

கோமகனைக் கொன்ற குண்டு, வண்டியை ஓட்டிவந்த அந்திரேய் ருதின்கினையும் படுகாயப்படுத்தியது. சில நாளில் அவரும் இறந்தார். நாடகத்தின் அறவாதம் இந்த மரணத்தைப் பொருட்படுத்தவே இல்லை. ‘நீதிமான்கள்’ குறித்த விவாதம் பெரும்பாலும் கலியாயெவ் சரியா, அவரை எதிர்க்கும் தோழன் ஸ்தெபான் சரியா என்ற தடத்திலேயே போகிறது. அதைவிடக் கடுமையான கேள்வி வண்டிக்காரரின் இருக்கையில் இருக்கிறது என்பது என் வாதம்.

இரண்டாம் அங்கத்து விவாதம் நாடகத்தின் உயிர்நிலை. சிறையில் சாட்டையடி பட்டுத் தப்பிவந்த ஸ்தெபான், இரு குழந்தைகளை விட்டுவைத்ததால் இனியும் பல்லாண்டுகள் ரஷ்யக் குழந்தைகள் பசியால் சாவார்கள் என்கிறான். அழிப்பதிலும் ஓர் ஒழுங்கு உண்டு, எல்லை உண்டு என்று அவர்களின் தோழி தோரா மறுக்கிறாள். குழந்தைகளைக் கொல்வது மானத்துக்கு எதிரானது என்பது கலியாயெவின் நிலை. மூன்று குரலுக்கும் காம்யு நியாயம் செய்திருக்கிறார். ஸ்தெபானை எளிதாக வெறுத்துவிட முடியாதபடி எழுதியிருப்பது அவரது நேர்மை. ஆனால் மூவரும் உடன்படும் ஒரு புள்ளி உண்டு. வண்டிக்குள் யார் இருக்கிறார்கள் என்பதைப் பற்றி மட்டுமே அவர்கள் வாதிடுகிறார்கள். வண்டியை ஓட்டுகிறவர் ஏழை, கூலிக்காரர். எந்த மக்களுக்காகப் புரட்சி நடக்கிறதோ அந்த மக்களில் ஒருவர். அவர் பொருட்டு யாரும் தயங்கவில்லை.

இந்த விடுபடல் சிறிய செய்தி அன்று. கலியாயெவின் அறம் அடிப்படையில் ஒரு கணக்கு: ஓர் உயிரை எடுக்கிறேன், என் உயிரைக் கொடுக்கிறேன், ஆகவே நான் கொலைகாரன் அல்லன். தூக்குமேடை அந்தக் கடனைத் தீர்க்கிறது. 1951இல் வெளியான தத்துவ நூலிலும் காம்யு இந்தச் சமன்பாட்டுக்காகவே அந்தப் புரட்சியாளர்களைப் போற்றுகிறார். ருதின்கினைச் சேர்த்துக்கொண்டால் எடுத்தவை இரண்டு, கொடுத்தது ஒன்று. மூன்றாம் அங்கத்தில் குண்டு வெடிக்கும்போது மேடையில் வண்டி இல்லை. அறைக்குள் இருப்பவர்கள் அதன் ஓசையையும் வெடிப்பையும் மட்டுமே கேட்கிறார்கள். தோரா கதறுகிறாள், தானே கொன்றதாக. அவள் அழுவது ஒருவருக்காகத்தான். வன்முறையை மேடைக்கு வெளியே வைத்த இந்த உத்தி, அறத்தின் கண்ணுக்கும் ஒருவரை மறைத்துவிடுகிறது.

நாடகம் வரலாறு அன்று, வேண்டாததை விட ஆசிரியருக்கு உரிமை உண்டு என்று ஒருவர் சொல்லலாம். உண்மைதான். ஆனால் உண்மை மனிதர்களின் மீதான மதிப்பினால் கலியாயெவின் இயற்பெயரையே நாயகனுக்கு வைத்தவர் காம்யு. அப்படி மதித்த இடத்தில் எதை விட்டார் என்று கேட்கும் உரிமை வாசகருக்கும் உண்டு.

அப்பாவித்தனம் என்ற அளவுகோல் வலுவற்றது என்பதை நாடகமே ஓரிடத்தில் காட்டிவிடுகிறது. நான்காம் அங்கத்தில் சிறைக்கு வரும் கோமகனின் மனைவி, கலியாயெவ் உயிரோடு விட்ட அந்தச் சிறுமி ஏழைகளைத் தொடக்கூட அஞ்சுகிற கல்மனத்தவள் என்கிறாள். அவளும் அநீதி செய்பவள்தானே என்று கேட்கிறாள். கலியாயெவிடம் அதற்கு நிறைவான விடையில்லை. அதே அங்கத்தில் ஃபோக்கா வருகிறான். குடிவெறியில் மூன்று பேரைக் கொன்ற கைதி. ஒருவரைத் தூக்கிலிடுந்தோறும் அவன் தண்டனையில் ஓராண்டு குறையும். கலியாயெவ் அவனைச் சகோதரனாக எண்ணிப் பேசுகிறார். அவனே தம்மைத் தூக்கிலிடப்போகிறவன் என்று தெரிந்ததும் பின்வாங்குகிறார். நாடகத்தில் மக்கள் தரப்பிலிருந்து நம்முன் வந்து பேசுபவன் இவன் ஒருவனே. ருதின்கினுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. கோமகனைக் கொன்றவர்கள் மக்களைக் கருத்தாக நேசித்தார்கள். ஆளாக எதிரே வந்தபோது அவர்களுக்கு முகம் தெரியவில்லை. தோராவே மூன்றாம் அங்கத்தில் இந்த ஐயத்தைத் தொடுகிறாள், தங்கள் அன்பு மக்களை எட்டுகிறதா என்று. நாடகத்தின் மிக உண்மையான கணம் அதுவென்று நினைக்கிறேன்.

காம்யு இந்த இடத்தில் நின்றுவிடவில்லை. 1956 ஜனவரி 22 அன்று அல்ஜியர்ஸில், அல்ஜீரியப் போரின் நடுவே, இரு தரப்பும் குடிமக்களைத் தாக்காதிருக்க வேண்டும் என்று வேண்டுகோள் விடுத்தார். வெளியே எதிர்ப்புக் கூட்டம் கூச்சலிட்டது, வேண்டுகோள் பலிக்கவில்லை. ஆனால் 1949க்கும் 1956க்கும் இடையே எல்லைக்கோடு இடம் மாறியிருப்பதைக் கவனிக்க வேண்டும். நாடகத்தில் காப்புக்குரியது குழந்தைப் பருவம். அல்ஜியர்ஸில் அது ஆயுதம் ஏந்தாத எவருக்கும் உரியது. அவர் வயது, இனம், எந்தத் தரப்பின் கூலி என்பவை கேட்கப்படுவதில்லை. அந்த விதியை மாஸ்கோவுக்குக் கொண்டுபோனால், குழந்தைகள் இல்லாத பிப்ரவரி 17 அன்றும் கலியாயெவ் கையை மடக்கியிருக்க வேண்டும்.