இயந்திரத்தின் மூச்சு

ஜொகூர் மாநிலத்துச் செம்பனைத் தோட்டங்களில் இரண்டு காட்சிகள் நமக்குப் பழக்கமானவை. ஒன்று, முதுகில் புல்வெட்டும் இயந்திரத்தைச் சுமந்து செல்லும் தொழிலாளி. மற்றொன்று, செம்மண் சாலையில் புழுதி பறக்க ஓடும் ‘கப்சாய்’ மோட்டார் சைக்கிள். இவை இரண்டும் பெட்ரோலைக் குடித்து ஓடுகின்றன என்கிறோம். உண்மையில் இவை பெட்ரோலைவிடக் காற்றையே மிகுதியாக உண்கின்றன. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று தேவை. அந்தக் காற்றோடு புழுதியும் உள்ளே புகுந்தால் என்ன ஆகும்? எண்ணெயோடு கலந்து, உப்புத்தாள் போலப் பிஸ்டனையும் சிலிண்டரையும் தேய்த்துவிடும்.

தொடக்க கால இஞ்சின்கள் பலவற்றுக்கு வடிகட்டியே கிடையாது. வயலில் டிராக்டர் இறங்கிய பிறகுதான் புழுதியின் கொடுமை புரிந்தது. 1917-இல் வெளிவந்த ஃபோர்ட்சன் டிராக்டரில், காற்றை நீரில் கழுவி அனுப்பும் அமைப்பு இருந்தது. பின்னர் நீரின் இடத்தில் எண்ணெய் வந்தது. அதன்பின் நுரைப்பஞ்சும் மடிப்புக் காகிதமும் சிறிய இஞ்சின்களில் இடம்பெற்றன.

ஜொகூரின் கதையும் இதோடு இணைந்ததே. 1909-இல் இரயில் பாதை ஜொகூர் பாரு வரை நிறைவுற்றது. ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அங்கே நம் முன்னோர் கத்தியாலும் மண்வெட்டியாலும் உழைத்தனர். 1958-இல் ஜப்பானில் பிறந்த ஹோண்டா ‘சூப்பர் கப்’ இந்நாட்டுக்கு வந்து, மக்கள் வாயில் ‘கப்சாய்’ ஆயிற்று. ரப்பர் நின்ற நிலங்கள் பலவற்றில் செம்பனை வளர்ந்தது. கைக்கத்தி செய்த வேலையில் ஒரு பகுதியைச் சிறு இஞ்சின் ஏற்றுக்கொண்டது.

இனி, பராமரிப்பைப் பார்ப்போம். வடிகட்டி அடைபட்டால் காற்று குறையும், பெட்ரோல் மிஞ்சும். கரும்புகை வரும், பிளக்கில் கரி படியும், இழுவை குறையும். அப்போது சிலர் வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிடுகின்றனர். உடனே வேகம் கூடுவதைக் கண்டு மகிழ்கின்றனர். சில மாதங்களில் இஞ்சின் தேய்ந்து போகிறது. சொந்த இயந்திரத்தை நம்பிக் குத்தகைக்குப் புல் வெட்டுபவருக்கு அது பிழைப்பையே பறிக்கும் இழப்பல்லவா?

நுரைப்பஞ்சாக இருந்தால் சோப்பு நீரில் அலசுங்கள். முறுக்காமல் பிழிந்து, நிழலில் உலர்த்துங்கள். பிறகு சிறிது இஞ்சின் எண்ணெய் தடவி, மிகுதியைப் பிழிந்துவிடுங்கள். பெட்ரோலில் கழுவ வேண்டாம்; தீ அபாயம் உண்டு. காகித வடிகட்டியை நனைக்கவோ எண்ணெய் தடவவோ கூடாது. மெல்லத் தட்டித் தூசியை உதிர்க்க வேண்டும். அழுக்கு போகாவிட்டாலும் கிழிந்தாலும் புதியதை மாற்றுவதே முறை. புழுதி மிகுந்த இடத்தில், கையேடு கூறும் காலத்துக்கு முன்பே இதைச் செய்ய வேண்டும்.

2013 ஜூன் 23 அன்று, சுமத்திராவின் காட்டுத்தீப் புகையால் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746-ஐ எட்டியது. 300-ஐக் கடந்தாலே பேராபத்து. மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அன்று மக்கள் முகமூடி தேடி அலைந்தனர். இயந்திரத்துக்கு வடிகட்டி எதற்கோ, மனிதனுக்கு முகமூடியும் அதற்கே. புழுதியில் புல் வெட்டப் புறப்படும் நேயர்களே, இயந்திரத்தின் வடிகட்டியைத் தட்டிப் பொருத்திய கையோடு, உங்கள் மூக்கையும் வாயையும் மறவாமல் மூடிக்கொள்ளுங்கள். தேய்ந்த இஞ்சினை மாற்றலாம். நுரையீரலை அப்படி மாற்ற இயலாது.