ஆட்டோ_ஓப்பனா, ஒர்க்புக்_ஓப்பனா?

எக்செல் கோப்பைத் திறந்ததும் தானாக ஓட வேண்டிய மேக்ரோ ஓடவில்லை என்றால், பலரும் அதன் வரிகளைத்தான் முதலில் துருவுகிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியவை மூன்று: மேக்ரோ எந்த வகை, எங்கே எழுதியிருக்கிறது, கோப்பைத் திறந்தது யார்?

வகை இரண்டு. ஆட்டோ_ஓப்பன் மூத்தது; பழைய கோப்புகளுக்காக இன்றும் விட்டுவைத்திருக்கிறார்கள். ஒர்க்புக்_ஓப்பன் எக்செல் 97-உடன் வந்தது. முன்னது சாதாரண மாட்யூலில் இருக்க வேண்டும்; பின்னது ‘திஸ்ஒர்க்புக்’ பகுதியில். இடம் மாற்றி ஒட்டினால் இரண்டுமே தாமாக ஓடாது. பிழைச் செய்தியும் வராது. இணையத்திலிருந்து நகலெடுத்து ஒட்டுகிறவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது.

கையால் திறக்கும்வரை இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. தலைமை அலுவலகக் கோப்பு ஒன்று, கிளைகளின் கோப்புகளை மேக்ரோ மூலம் ஒவ்வொன்றாகத் திறக்கிறது என்று வையுங்கள். கிளைக் கோப்பில் ஒர்க்புக்_ஓப்பன் இருந்தால் ஓடும்; ஆட்டோ_ஓப்பன் இருந்தால் ஓடாது. அதை ஓட்ட, திறந்த கையோடு ‘ரன்ஆட்டோமேக்ரோஸ்’ கட்டளையும் கொடுக்க வேண்டும்.

ஒர்க்புக்_ஓப்பன் போன்ற ஈவென்ட் மேக்ரோக்களை ஓடவிடும் ‘எனேபிள்ஈவென்ட்ஸ்’ அமைப்பு அணைந்திருக்கும்போது நிலைமை தலைகீழ். ஏதோ ஒரு மேக்ரோ அதை ‘ஃபால்ஸ்’ ஆக்கிவிட்டு, மறுபடி ‘ட்ரூ’ ஆக்குமுன் பிழையில் நின்றுபோனால், அதே எக்செலில் அடுத்துத் திறக்கும் எந்தக் கோப்பிலும் ஒர்க்புக்_ஓப்பன் ஓடாது. கையால் திறந்த கோப்பின் ஆட்டோ_ஓப்பன் மட்டும் வழக்கம்போல ஓடும். விபிஏ எடிட்டரில் கன்ட்ரோலும் ஜி-யும் அழுத்தி, இமீடியட் விண்டோவில் ‘அப்ளிகேஷன்.எனேபிள்ஈவென்ட்ஸ் = ட்ரூ’ என்று அடித்து என்டர் தட்டினால் சரியாகிவிடும். எக்செலை முழுக்க மூடித் திறந்தாலும் போதும். ‘நேற்று ஓடவில்லை, இன்று ஓடுகிறது’ என்ற புதிருக்கு இது ஒரு காரணம்.

இரண்டையும் ஒருசேர நிறுத்துபவையும் உண்டு. ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி திறந்தால் எதுவும் ஓடாது. எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவில் சேமித்தால் மேக்ரோவே கோப்பில் தங்காது, எக்ஸ்எல்எஸ்எம் வேண்டும். இணையத்திலிருந்தோ மின்னஞ்சலிலோ வந்த கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் 2022 முதல் இயல்பாகவே தடுக்கிறது. அனுப்பியவர் நம்பகமானவர் என்றால் மட்டும், கோப்பின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பெட்டியில் ‘அன்பிளாக்’ குறியிட்டுத் திறக்கலாம்.

ஒரே கோப்பில் இரண்டும் இருந்தால் ஒர்க்புக்_ஓப்பன் முந்தும், ஆட்டோ_ஓப்பன் பின்தொடரும். ஒரே வேலையை இரண்டிலும் எழுதி வைத்தால் அது இருமுறை நடக்கும்.

புதிதாக எழுதுவோர் ஒர்க்புக்_ஓப்பனையே எடுத்துக்கொள்ளலாம். யார் திறந்தாலும் ஓடும் என்பது பெரிய வசதி. ஆனால் ‘எனேபிள்ஈவென்ட்ஸ்’ஸை அணைக்கும் ஒவ்வொரு மேக்ரோவிலும், பிழை வந்தாலும் அதை மீண்டும் போடுகிற வரி இருக்கட்டும்.