இசெகாய்: சொல்லும் பொருளும்

'இசெகாய்' ஜப்பானியச் சொல். 'இ' என்றால் வேறான, 'செகாய்' என்றால் உலகம். 'லோகதாது' என்ற வடசொல்லுக்கு ஈடாகச் சீனப் பௌத்த மொழிபெயர்ப்பாளர்கள் கையாண்ட சொல்லே ஜப்பானில் 'செகாய்' ஆனது. இன்று 'இசெகாய்' ஒரு கதைவகையின் பெயர். 2012இல் இணையத்தொடராகத் தொடங்கிய 'முஷோகு டென்செய்' நாயகன் 34 வயது வேலையில்லாதவன். லாரியில் அடிபட்டு, மந்திர உலகில் குழந்தையாகப் பிறக்கிறான். தோற்ற வாழ்வுக்கு மறுவாய்ப்பு என்பதுதான் இவ்வகையின் கவர்ச்சி.

தமிழில் இதற்கு நெருங்கிய வழக்கு 'கூடுவிட்டுக் கூடு பாய்தல்'. ஆனால் அதில் கடனும் உண்டு. பசுக்களின் துயர் தீர்க்க, இறந்த இடையன் மூலனின் உடலில் புகுந்த திருமூலர், மூலனின் மனைவிக்குப் பதில் சொல்ல நேர்ந்தது. விட்டுவந்த உடலும் மறைந்துபோனது. மலிவான இசெகாய் இந்தக் கணக்கைத் தீர்ப்பதில்லை: வந்திறங்கியதுமே வல்லமை, மொழி, மதிப்பு எல்லாம் இலவசம். சிங்கப்பூரில், கிராஞ்சி வட்டாரத் தொழிலாளர் விடுதிகளில் தங்கும் தமிழர்களும் வேற்றுலகம் புகுந்தவர்களே. ஆனால் முகவர் கட்டணக் கடனோடு வருபவருக்கு ஊர்க் கணக்கு அறுபடுவதில்லை. மாதாமாதம் பணம் அனுப்பியாக வேண்டும்.

அலுப்புத் தீரப் படிப்பதற்கு இத்தனை கணக்கா என்று கேட்கலாம். அலுப்புத் தீர்வது குற்றமில்லை. ஆனால் 'ரீ:ஜீரோ' என்ற இசெகாய் கதையின் நாயகன் செத்துச் செத்து மீள்கிறான்; ஒவ்வொரு சாவின் வலியும் அவன் நினைவில் தங்குகிறது. விலை வைத்த பின்னும் அக்கதை வாசகரை இழக்கவில்லை. ஆகவே குறை வகையில் இல்லை, விலையை மறைக்கும் எழுத்தில்தான்.